ஒரே தெரு, இரண்டு குப்பை வண்டி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குப்பை வண்டி வரவில்லை என்று உங்கள் பத்திரிகைக்கு வருகிற கடிதங்களை விடாமல் படிக்கிறவன் நான். இது அந்த வகைப் புகார் கிடையாது. எங்கள் தெருவுக்கு வண்டி வருகிறது, சொல்லப்போனால் இரண்டு வருகிறது. காலை ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு பேட்டரி வண்டி. இரவு பத்தரைக்கு மேல், ஹாரன்கூட அடிக்காமல் ஒரு குட்டி யானை லோடு வண்டி. இந்த இரண்டாவது வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதற்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்து எழுதுவதற்கு இது தேவலை.

எனக்கு வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டு அறை உள்ள சின்ன லாட்ஜ். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு இங்கே வைத்தியம் ஆரம்பித்தார் என்பார்கள், அந்த ஒற்றைக் கட்டில்தான் இன்று எங்களைப் போல நூற்றுக்கணக்கான பேருக்குச் சோறு போடுகிறது. என்னிடம் தங்குகிறவர்கள் பெரும்பாலும் மேற்கு வங்காளம், அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட் பக்கத்து ஆட்கள். பதினைந்து நாள், ஒரு மாதம், சில சமயம் மூன்று மாதம்கூட இருப்பார்கள். அறையிலேயே சமைத்துக்கொள்வார்கள். ஓர் அறையின் ஒரு நாள் குப்பையைக் கொட்டிப் பார்த்தால் மீன் செதில், கடுகெண்ணெய் பாக்கெட், உருளைக்கிழங்குத் தோல், பெரியவர்கள் கட்டிக்கொள்கிற டயாபர், புண் துடைத்த பஞ்சு, மாத்திரை அட்டை எல்லாம் இருக்கும். அப்புறம் ஊசி. சர்க்கரைக்காரர்களின் இன்சுலின் ஊசி, ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போட்டுக்கொள்கிற ஊசி, கீமோ முடிந்தவர்களுக்கு வெள்ளை அணு ஏறுவதற்கான ஊசி. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டால், பிறகு அறையில் மகனோ மனைவியோதான் போட்டுவிடுகிறார்கள்.

சரி, காலை வண்டி இருக்கும்போது இரவு வண்டி எதற்கு என்று கேட்பீர்கள். காலை ஏழு மணிக்கு எங்கள் விருந்தாளிகள் ஒன்று ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்பார்கள், இல்லை ராத்திரி முழுக்க வலியில் புரண்டுவிட்டு அப்போதுதான் கண் அசந்திருப்பார்கள். கதவைத் தட்டிக் குப்பை கொடுங்கள் என்று கேட்க மனசு வராது. போதாததற்குக் காலை வண்டியில் பிரித்துக் கொடுத்தால்தான் வாங்குவார்கள். அது சரியான விதிதான், நான் குறை சொல்லவில்லை. பிரிக்காத குப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற எங்களுக்குத்தான் அந்தக் குட்டி யானை தெய்வம் மாதிரி வந்தது. பிரிக்கச் சொல்ல மாட்டான், நேரம் பார்க்க மாட்டான், ரசீது தர மாட்டான். வண்டியில் பெயர் கிடையாது, போர்டு கிடையாது, இருப்பதெல்லாம் ஒரு போன் நம்பர்தான். எங்கள் தெருவில் லாட்ஜ், மெஸ், மருந்துக் கடை, ஒரு பிரியாணிக் கடை எல்லாம் அவன் கணக்கு. கொண்டுபோய் எங்கே கொட்டுகிறாய் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. பாலாற்றுக் கரைப் பக்கம் விடியற்காலையில் நடக்கப் போகிறவர்களுக்கு ஒருவேளை பதில் தெரிந்திருக்கலாம்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு ராத்திரி.

வண்டியோடு ஓர் அம்மா வருவார், முப்பத்தைந்து வயது இருக்கும். டிரைவர் இறங்க மாட்டார், தூக்குவது கொட்டுவது எல்லாம் இந்த அம்மாதான். கொட்டியதும் வண்டிமேல் ஏறி நின்று கையாலேயே கிளறி, தண்ணீர் பாட்டில், பால் கவர், அட்டை எல்லாவற்றையும் தனியாக ஒரு கோணிப்பையில் போடுவார். காயலான் கடையில் அதற்குக் கிடைக்கிறதுதான் அவருக்குக் கூலிக்கு மேல் வருமானம். அன்றைக்கு என் லாட்ஜ் வாசலில் இருந்தது ஒரு பழைய தார் டிரம்மைப் பாதியாக வெட்டியது, உள்ளே கறுப்பு கவர். கவர் நிரம்பி வழிந்ததால் அந்த அம்மா உள்ளங்கையால் ஓர் அமுக்கு அமுக்கினார். அமுக்கிய கையை உடனே எடுத்துவிட்டார். நான் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னம்மா என்றேன். "ஒண்ணுமில்லண்ணா, முள்ளு குத்தினா மாதிரி கீது" என்றார். இலவம்பாடிப் பக்கம் முள்ளுக் கத்திரிக்காய் பறிக்கப் போய்ப் பழகிய கை அது, முள்ளை அது பெரிதாக எடுத்துக்கொள்ளாது. தெருவிளக்கில் கையைப் பிடித்துப் பார்த்தால் கட்டைவிரல் மேட்டில் ஒரு சொட்டு ரத்தம், கவரில் இருந்து ஊசி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தது. மூடி போடாத ஊசி.

சோப்புப் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவச் சொல்லி, அன்றிரவே ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனோம். டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ஊசி யாருடையது? என்னிடம் பதில் இல்லை. எல்லா அறைக் குப்பையும் ஒரே டிரம்மில் விழுகிறது, எந்த அறையில் யாருக்கு என்ன வியாதி என்று நான் எங்கே எழுதி வைத்திருக்கிறேன். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள். மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறாயா என்று கேட்டார்கள், அந்த அம்மா போட்டதில்லை. உண்மையில் இந்த மாதிரி ஊசிக் குத்தில் எச்.ஐ.வி.யைவிட பி வகைக் காமாலைதான் வெகு சுலபமாகத் தொற்றுமாம், அதை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாந்தியும் மயக்கமுமாக இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. அந்தக் கூலியை நான் கொடுத்தேன், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இதுவரை எடுத்த டெஸ்ட் நல்லபடியாக வந்திருக்கிறது. இன்னும் ஒன்று பாக்கி.

அதற்குப் பிறகுதான் விதிகளைத் தேடிப் படித்தேன், ஆள் அடிபட்ட பிறகு ஸ்பீட் பிரேக்கர் போடுகிற கதைதான். 1996-ல் அல்மித்ரா பட்டேல் என்ற அம்மையார் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கின் பலனாக 2000-ல் முதல் நகராட்சிக் குப்பை விதிகள் வந்தன. குப்பை கொண்டுபோகிற வண்டி மூடியிருக்க வேண்டும், உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது என்று அப்போதே எழுதிவிட்டார்கள். 2016 ஏப்ரலில் அதை மாற்றித் திடக்கழிவு மேலாண்மை விதிகள் என்று விரிவாகப் போட்டார்கள், 2026 ஏப்ரலில் புது விதிகள் வரும்வரை நடப்பில் இருந்தது இதுதான். வீட்டுக் குப்பையை மக்குவது, மக்காதது, அபாயமானது என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மூன்றாவதில் என்னென்ன சேரும் என்ற பட்டியலில் பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப் லைட், பேட்டரி, காலாவதி மருந்தோடு, வீட்டில் பயன்படுத்திய ஊசியும் சிரிஞ்சும் பெயர் சொல்லியே இருந்தது. வேலை செய்கிறவர்களுக்குக் கையுறை, மழைக்கோட்டு, தகுந்த செருப்பு, முகக்கவசம் தர வேண்டும் என்பதும் இருந்தது. இந்த விதிகளை ஒட்டி ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு வருடத்துக்குள் தன் ஊருக்கான துணை விதிகளைப் போட வேண்டும் என்றும் இருந்தது. என் கடிதம் இந்தத் துணை விதி என்ற ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான்.

ஏனென்றால் டெல்லியில் எழுதுகிறவர்களுக்கு வேலூர் தெரியாது. கவனித்துப் பாருங்கள், ஆஸ்பத்திரிக்குள் இதே ஊசிக்கு எவ்வளவு மரியாதை! 2016-லேயே வந்த மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று தனித்தனி நிறம். ஊசிக்கு வெள்ளை நிறத்தில், குத்தினால் துளை விழாத கெட்டி டப்பா. பைகளுக்கு பார்கோடு. ரத்தம் பட்ட பஞ்சு மாதிரிக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் சுத்திகரிக்காமல் வைத்திருக்கக் கூடாது. அதே நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி, ரோட்டைக் கடந்து என் லாட்ஜுக்கு வந்து, அதே மருந்தை அதே மாதிரி ஊசியில் போட்டுக்கொண்டால் அது வீட்டுக் குப்பை ஆகிவிடுகிறது. நடுவில் ஒரு ரோடுதான். மதுரையிலோ ஓசூரிலோ ஏதோ சில வீட்டில்தான் ஊசி இருக்கும், அதை மற்ற குப்பையோடு ஒரு சின்னப் பிரிவாக வைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் எட்டு அறையில் ஐந்து அறையில் ஊசி. இந்த ஊருக்கென்று தனியாக விதி வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கேரளாவிலிருந்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டுவந்து கொட்டியபோது எவ்வளவு கொந்தளித்தோம். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளாக்காரர்களே லாரி வைத்துத் திரும்ப அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் நம் சட்டசபையில், மருத்துவக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டுகிறவர்களையும் குண்டர் சட்டத்தில் பிடிக்கலாம் என்று திருத்தமே கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் லாரிக்குச் சட்டம் வந்துவிட்டது, என் வாசல் டிரம்முக்குத்தான் ஒன்றும் இல்லை.

டிரம் என்றதும் ஞாபகம் வருகிறது, இந்தப் பாத்திரம் விஷயத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, நானும் நினைத்ததில்லை. குப்பைத் தொட்டி என்றால் உடைந்தது, ஓட்டையானது, வீட்டில் வேறெதற்கும் உதவாதது என்றுதான் நமக்கு அர்த்தம். என் டிரம்மில் என்ன தப்பு என்று இப்போது உட்கார்ந்து யோசித்தால் எல்லாமே தப்பு. வெட்டிய விளிம்பு சீவாத தகரம், அந்த அம்மாவின் முன்கையில் பழைய கீறல் தழும்புகள் எல்லாம் இந்த மாதிரி டிரம்களின் கைங்கரியம்தான். மூடி கிடையாது, அதனால் நாய், மாடு, காகம் எல்லாம் முதல் பந்தி. அடியில் ஓட்டை போட்டு வைத்திருந்தேன், மழைத்தண்ணீர் தங்கக் கூடாது என்று. மீன் கழுவிய தண்ணீர் அதன் வழியாகத் தெருவில் ஓடி, கத்திரி வெயில் நாளில் அடிக்கிற நாற்றம் இருக்கிறதே! கைப்பிடி கிடையாது, சக்கரம் கிடையாது. முழு டிரம்மாகவே வைத்திருக்கிற பக்கத்து மெஸ்ஸில் ஈரக் குப்பை நிரம்பினால் எண்பது கிலோவுக்குக் குறையாது, அதை ஒரு பெண்பிள்ளை இடுப்பில் முட்டுக்கொடுத்துச் சாய்க்கிறார். இதெல்லாம் போகட்டும், பெரிய தப்பு, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டது. ஊசி தனியாக ஒரு கெட்டி டப்பாவில் இருந்திருந்தால் விளிம்பும் மூடியும் எப்படி இருந்தாலும் அந்த 28 நாள் மாத்திரை தேவைப்பட்டிருக்காது.

இப்போது நான் மாற்றிவிட்டேன். பழைய சாமான் கடையில் மூடியோடு கிடைக்கிற 20 லிட்டர் பெயின்ட் பக்கெட், அறைக்கு இரண்டு, மக்குவதற்குப் பச்சை ஒன்று, மக்காததற்கு நீலம் ஒன்று. நிரம்பினாலும் ஒரு ஆள் ஒரு கையால் தூக்கலாம். டயாபருக்குப் பேப்பரில் சுற்றி மேலே சிவப்பு ஸ்கெட்ச்சில் ஒரு பெரிய புள்ளி, இது புனேயில் குப்பை எடுக்கிற பெண்கள் கொண்டுவந்த பழக்கம், புள்ளி இருந்தால் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்று அர்த்தம். ஊசிக்கு வாய் அகலமான கெட்டி பிளாஸ்டிக் டப்பா, ஊட்டச்சத்து மாவு வருமே அந்த மாதிரி. தண்ணீர் பாட்டில் உதவாது, லேசாக அமுக்கினாலே ஊசி வெளியே வந்துவிடும், தவிர பாட்டிலைப் பார்த்தால் காயலான் கடைக்கு என்று எடுத்துவிடுவார்கள். முக்கால் டப்பா நிறைந்ததும் மூடி திருகி டேப் சுற்றிவிட வேண்டும். ஊசியின் மூடியைத் திரும்ப மாட்ட முயற்சி செய்யக் கூடாது, பல பேர் குத்து வாங்குவது அங்கேதான், அப்படியே உள்ளே போட்டுவிட வேண்டும். டப்பாவின் மேல் என்ன எழுதுவது என்று யோசித்தேன். தமிழில் எழுதி என் விருந்தாளிகளுக்கு என்ன பிரயோஜனம்? மூன்றாம் நம்பர் அறையில் இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், முர்ஷிதாபாத்காரர், மனைவிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர், அவரே ஸ்கெட்ச் வாங்கி எட்டு டப்பாவிலும் வங்காளியிலும் இந்தியிலும் எழுதி, ஊசிப் படமும் போட்டுக் கொடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்து என் பேத்தி அது கொசு என்றாள், ஆனால் வேலை நடக்கிறது. "விருந்தாளிகள் எங்கே பிரிக்கப்போகிறார்கள்" என்று சொல்கிற சக லாட்ஜ்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான், நாம் பாத்திரம் வைத்துச் சொன்னால் பிரிக்கிறார்கள். வீட்டில் நோயாளி இருக்கிறவர்களுக்கு அடுத்தவர் உடம்பைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும்.

ஆனால் நான் ஒருவன் எட்டு டப்பா வைத்து என்ன ஆகப்போகிறது? நான் பிரித்து வைத்ததை அந்தக் குட்டி யானைக்காரன் ஒரே குவியலாகக் கொட்டிக்கொண்டு போகிறான். கேட்டால் "வண்டியில ஒரு தொட்டிதானே சார் இருக்குது" என்கிறான். அதுவும் வாஸ்தவம்தானே.

இந்தத் தனியார் வண்டிகளைத் தடை செய்யுங்கள் என்று யாராவது கிளம்பினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கே தடை என்றால் நாளை மறுநாள் அதே வண்டி பத்தரைக்குப் பதில் ஒன்றரைக்கு வரும், கொட்டுகிற இடம் இன்னும் கொஞ்சம் இருட்டாக இருக்கும், அவ்வளவுதான். அவர்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்கிறேன். ஆட்டோவுக்கு பர்மிட் இருக்கிறது, தண்ணீர் கேன் போடுகிறவனுக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஊசியும் டயாபரும் ஏற்றிப் போகிற வண்டிக்கு ஒன்றும் வேண்டாமா? பதிவு எண்ணைத் தூரத்திலிருந்து தெரிகிற அளவுக்கு வண்டியின் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். மேலே மூடி, உள்ளே குறைந்தது மூன்று தடுப்பு, அதில் ஒன்று பூட்டுப் போட்டது. ராத்திரி வரலாம், ஆனால் இத்தனை மணிக்குள் என்று நேரம் குறிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில் எடை போட்டு ஒரு சீட்டு வாங்கி, அதன் நகலை மாதக் கடைசியில் எங்களிடம் கொடுத்தால்தான் நாங்கள் காசு கொடுக்க வேண்டும் என்று விதி வரட்டும். அந்த ஒரு சீட்டு வந்துவிட்டால் பாலாற்றங்கரையில் யாரும் காவல் காக்க வேண்டியதில்லை. சீட்டு இல்லாத வண்டியில் குப்பை போட்டால் லாட்ஜ்காரனுக்கும் அபராதம் போடுங்கள், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கையால் பிரிக்கிற ஆட்களுக்குக் கையுறையும் தடுப்பூசியும் யார் செலவு என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதலாளி டிரைவரைக் காட்டுவார், டிரைவர் எங்களைக் காட்டுவார். புனேயில் குப்பை எடுக்கிற பெண்களே கூட்டுறவாகச் சேர்ந்து, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, வீட்டுக்கு வீடு கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். முறைசாராமல் குப்பை எடுக்கிறவர்களையும் அங்கீகரித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016 விதிகளிலேயே இருந்தது, நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

வேலூருக்கும் இது புதிதில்லை. பிரித்து வாங்குவது, அழுகுவதற்குள் எடுப்பது, உரமாக்குவது என்ற வேலையை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறவரின் பெயரே வேலூர் சீனிவாசன்தான். பச்சைக் கூடை, சிவப்புக் கூடை என்று நம் பக்கத்தில் ஆரம்பித்ததை வெளிமாநிலங்களில் கற்றுக்கொண்டு செய்கிறார்கள். நாம்தான் சதுப்பேரி ஏரியில் கொட்டி, எரிகிற புகையில் இருமியபடி பைபாஸில் போனவர்கள். அதைச் சொன்னால் கோபம் வரும், விட்டுவிடுகிறேன்.

கல்யாண மண்டபங்களைப் பற்றியும் இரண்டு வரி. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடுகிற விசேஷம் என்றால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தகவல் சொல்லி, குப்பையைப் பிரித்துத் தர வேண்டும் என்றும் அந்த 2016 விதிகளில் இருந்தது. நம் ஊரில் நூறு பேருக்குக் குறைந்து எந்த விசேஷம் நடந்திருக்கிறது, காது குத்தலுக்கே முந்நூறு பேர். மண்டபத்துக்கும் இது உண்டு என்று வைத்து, புக்கிங் ஃபாரத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் முடிந்தது. முகூர்த்த நாளின் எச்சில் இலையும் தண்ணீர் பாட்டிலும் நிக்கல்சன் கால்வாயில் போய் அடைத்துக்கொண்டு, மழைக் காலத்தில் கன்சால்பேட்டைக்காரர்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது மொய் எழுதியவர்கள் யாரும் வந்து நிற்பதில்லை.

கடைசியாக ஒன்று, இதற்கு எனக்கு நிஜமாகவே பதில் வேண்டும். அந்த 2016 விதிகளில் இன்னொரு வரி இருந்தது, இருபது சதுர கிலோமீட்டருக்கு ஓர் இடம் என்ற கணக்கில், வீடுகளில் வருகிற அபாயக் கழிவை வாங்கிக்கொள்ளும் மையம் வைத்து, எத்தனை மணிக்கு வாங்குவார்கள் என்றும் அறிவிக்க வேண்டும். வேலூர் மாநகராட்சிப் பரப்பு சுமார் 88 சதுர கிலோமீட்டர், அப்படியானால் கணக்குக்கு ஐந்து மையம். அதில் ஒன்றை ஆஸ்பத்திரிப் பக்கமாக வைத்து, எந்த இடம், எத்தனை மணிக்கு என்று தமிழோடு வங்காளியிலும் இந்தியிலும் ஒரு போர்டு மாட்டினால் போதும், எங்கள் தெரு லாட்ஜ்காரர்களை அழைத்துக்கொண்டு வருவது என் பொறுப்பு.

டேப் சுற்றிய ஊசி டப்பா இரண்டு என் கல்லா மேஜைக்கு அடியில் இருக்கிறது. காலை வண்டியில் வருகிறவரிடம் நீட்டினேன், "இதை எங்க சார் சேக்கிறது, எங்களுக்கு ஒண்ணும் சொல்லலையே" என்றார், அவர் பயப்படுவதும் நியாயம். மருந்துக் கடைக்காரர் விற்பதோடு சரி என்றார். குட்டி யானைக்காரன் மட்டும் சிரித்துக்கொண்டே கை நீட்டினான், அவனிடம் கொடுக்கவில்லை. மூன்றாவது டப்பா இந்த வாரத்தில் நிரம்பிவிடும்.

இப்படிக்கு,
எட்டு அறை லாட்ஜ்காரர் ஒருவர்,
வேலூர்.